உப்புக் கரண்டிக்கு ஒரு பிழைதிருத்தம்

என் பெயர் அச்சான ஒரேயொரு ஆய்வுக் கட்டுரையை நான் இன்னும் வாசித்ததில்லை. எழுதினேன். அதாவது, மூன்றாவது பெயராகப் போடும் அளவுக்கு எழுதினேன். யாழ்ப்பாணத்தில் படித்து முடித்த கையோடு, எங்கள் பேராசிரியருக்காக வீடு வீடாகச் சைக்கிளில் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து வந்து, தோட்டத்துக்குப் போடுகிற பசளை எவ்வளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று பார்த்தது நான். வெங்காயத் தோட்டக்காரர்கள், "என்ன பிள்ளை, எங்கட தண்ணியிலை என்ன கிடக்கு?" என்று கேட்டபோது, "முடிவு வந்தவுடனை சொல்லுறன்" என்று வாக்குக் கொடுத்தவளும் நான்தான். முடிவு வந்தது. ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. அதற்குள் போரால் தோட்டக்காரர்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாக இடம்பெயர்ந்து போயிருந்தோம்.

கட்டுரை வெளியான செய்தி, நாங்கள் வந்து தங்கியிருந்த வன்னித் தர்மபுரத்துக்குக் கடிதமாக வந்து சேர்ந்தது. உறை எங்கெங்கோ பிரிக்கப்பட்டு, பிறகு ஒட்டப்பட்டு, வவுனியா வழியாகச் சுற்றி வந்திருந்தது. பேராசிரியர் வாழ்த்துச் சொல்லியிருந்தார். பிரதி வேண்டுமென்றால் பதிப்பகத்தாருக்கு டொலரில் பணம் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கடிதத்தை என் கணவர் இரண்டு தரம் வாசித்தார். அவர் கணித ஆசிரியர். விடை பிழைத்தால் திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்குவார்.

"எழுதினதுக்கு அவை உமக்குக் காசு தரேல்லை?"

"இல்லை."

"வாசிக்கிறதுக்கு நீர் அவைக்குக் குடுக்கவேணும்."

"ஓம்."

"அந்தக் கிணத்துக்காரர்?"

"அவையும் குடுத்தால் வாசிக்கலாம்."

"பசுவை வளர்த்துப் பாலைக் கறந்து வாசலிலை வைச்சிட்டு, பிறகு தேத்தண்ணிக்குக் கடையிலை பால் வாங்கிற கதையாக் கிடக்கு" என்றார். "பசுவும் வரிசையிலை நிக்குது."

நான் சிரித்தேன். ஆனால் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. இரண்டாம் அட்டவணையில் ஒரு தசமப்புள்ளி இருந்தது. அதை நான் சரியான இடத்தில் வைத்தேனா இல்லையா என்று மகளுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் யோசித்தேன். அவளுக்கு அப்போது எட்டு மாதம். அவள் பால் குடிக்கக் குடிக்க அந்தப் புள்ளி இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்துத் தெளிய வழியில்லை. கட்டுரை பூட்டிக் கிடந்தது. திறப்பு டொலரில் இருந்தது.

அந்த மாரியில் கிணறுகளெல்லாம் நிரம்பி வழிந்து, வாய்க்கால் எது கிணறு எது என்று தெரியாமல் போனது. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பிக்கும் நேரங்களில் மகளை அடுத்த வளவில் இருந்த அக்காவிடம் விட்டுப் போவேன். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளம் வயதில் இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர் அவர். கச்சான் கடலையும் உழுந்தும் போட்டிருந்தார். அவருடைய மகளும் அங்கேயே இருந்தாள். அவளுக்கு என் மகளைவிட ஒரு மாதம் மூத்த ஆண் குழந்தை. அக்காவின் இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகள் தொங்க, நான் வகுப்பில் நின்று அமீபாவைப் பற்றிக் கதைப்பேன்.

ஒருநாள் அந்த அமீபாவை விட்டுவிட்டு, வயிற்றோட்டத்துக்கு வீட்டிலேயே உப்பும் சீனியும் கலந்து கொடுப்பது எப்படி என்று ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுவதாக முடிவெடுத்தேன். கிணற்றுக்காரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. இவர்களுக்காவது சொல்லிவிடலாம் என்று ஒரு நியாயம். பூட்டில்லாத எழுத்து. விலையில்லை, சந்தா இல்லை, மூன்றாவது பெயரும் இல்லை. எந்தப் பெயருமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் பிரதி எடுக்கும் றோணியோ இயந்திரம் ஒன்றும், அதற்கு மை கொஞ்சமும், கடைசி ஸ்ரென்சில் தாள் ஒன்றும் இருந்தன. வெற்றுத்தாள் இல்லை. கணவர், மிஞ்சிக் கிடந்த ஒன்பதாம் ஆண்டுக் கணித வினாத்தாள்களை, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற முகத்தோடு எடுத்துத் தந்தார். அவற்றின் பின்பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு பிரசுரம் வர வேண்டும் என்பதால், சொல்ல வேண்டியதெல்லாம் அரைத் தாளுக்குள் அடங்க வேண்டும்.

ஆய்விதழ்களில் கட்டுரையை அச்சேற்றுமுன் இரண்டு மூன்று அறிஞர்களிடம் கொடுத்துக் குறை கேட்பார்கள். நானும் கேட்டேன். முதல் அறிஞர் பள்ளிக்கூட அதிபர். "ஆரிட்டை அனுமதி கேட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது அறிஞர் என் மகள். அவள் வரைவின் ஒரு மூலையைத் தின்றாள். மூன்றாவது என் கணவர். அவர்தான் உண்மையாக வாசித்தார்.

"ஒரு லீற்றர் தண்ணி எண்டு எழுதியிருக்கிறீர். இஞ்சை ஆரிட்டை லீற்றர் இருக்கு?"

அதை நான் ஏற்கெனவே யோசித்திருந்தேன். எங்களிடம் எல்லாமே போத்தல் கணக்குத்தான். மண்ணெண்ணெய் தொடக்கம் தேங்காயெண்ணெய் வரை சாராயப் போத்தலால்தான் அளப்பார்கள். அது ஒரு லீற்றருக்குக் குறைவு. ஆகவே "ஒரு போத்தலும் ஒரு தேத்தண்ணிக் கிளாசும்" என்று கீழே விளக்கம் எழுதினேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்து அளவுசாடியில் ஊற்றிப் பார்த்தும்விட்டேன். அன்று முழுக்க என்னையே நான் மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

"இந்தத் 'தலைதட்டி' என்னத்துக்கு?" என்று அடுத்ததாகக் கேட்டார். உப்பு ஒரு தேக்கரண்டி, சீனி எட்டுத் தேக்கரண்டி என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டுக்கும் முன்னால் 'தலைதட்டி' என்று சேர்த்திருந்தேன். மேலே குவியாமல் மட்டமாக வழித்து அளக்க வேண்டும் என்பதற்காக.

"இதாலை ஒரு வரி கீழை போகுது. கரண்டி எண்டால் கரண்டிதானே."

கரண்டி என்றால் கரண்டிதான் என்று எனக்கும் பட்டது. வெட்டினேன்.

பிரசுரத்தைப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சத்தைச் சந்திக் கடையில் வைத்தேன், வருகிறவர்கள் எடுக்கட்டும் என்று. இரண்டு நாள் கழித்துச் சீனி வாங்கப் போனால், கடைக்கார அண்ணை என் பிரசுரத்தைக் கூம்பாகச் சுருட்டிச் சரை செய்து, அதற்குள் சீனியைக் கொட்டி என் கையிலேயே தந்தார்.

"அண்ணை, இது வாசிக்கத் தந்தது."

"சரை சுத்தினால்தான் ரீச்சர் வாசிப்பினம். சும்மா குடுத்தால் ஆரும் வாங்கினமோ? சீனியைக் கொட்டிப்போட்டு, தாளிலை ஒட்டினதை நக்கேக்கை கண் தானா வாசிக்கும்." பிறகு கொஞ்சம் தணிவாக, "நல்ல தடிப்பான தாள். இன்னும் எழுதுறதெண்டால் எழுதுங்கோ" என்றார்.

முதலில் முகம் சுருங்கியது. வீட்டுக்கு நடக்க நடக்கப் பெருமை ஏறியது. வெளிநாட்டு இதழ் என் கட்டுரையை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தது. இங்கே மிளகாய்த்தூளோடும் கச்சானோடும் என் எழுத்து ஒவ்வொரு குசினிக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. ஒரு தகப்பன் மறுபக்கத்துக் கணக்கைச் செய்து முடித்து, விடை சரியா என்று என் கணவரிடம் கேட்டு அனுப்பியிருந்தார். அவ்வளவு தூரம் போய்விட்டது.

ஒரு கிழமை கழிந்திருக்கும். சனிக்கிழமை காலை, மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுப் பக்கம் போனேன். பேரனுக்கு முதல்நாளிலிருந்து வயிற்றோட்டம். அக்கா முற்றத்தில் குந்தியிருந்து தண்ணீர் கலந்துகொண்டிருந்தார். பக்கத்தில் என் பிரசுரம், பறக்காமல் ஒரு கல்லின் கீழே. கொதித்தாறிய தண்ணீர். ஒரு போத்தல் ஊற்றினார். ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் ஊற்றினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு கரண்டியை உப்பு ரின்னுக்குள் விட்டு எடுத்தார். உப்பு கரண்டிக்கு மேலே குட்டி மலைபோல நின்றது. ஓரத்தால் சிந்தியதையும் மற்றக் கையால் ஏந்தித் திரும்ப மேலே வைத்தார்.

"அக்கா, என்ன இது?"

"நீங்க எழுதினதுதான் டீச்சர். ஒரு கரண்டி உப்பு."

"இது ஒரு கரண்டி இல்லை. ரெண்டுக்கும் மேலை."

"கையில ஒரு கரண்டிதானே இருக்கு."

"மேலாலை வழிச்சுப்போட்டுப் போடவேணும், அக்கா."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "தேயிலத் தோட்டத்துல அரிசி அளந்து போடுறவன் கட்டையால வழிச்சு வழிச்சுத்தான் போடுவான். எங்கம்மா சாகிற வரைக்கும் அந்தக் கட்டையத்தான் திட்டிச்சு. நான் என் பேரனுக்கு, அதுவும் சொகமில்லாத புள்ளைக்கு, வழிச்சுப் போடுவேனா?"

"சீனியை வழிச்சுத்தானே போட்டிருக்கிறியள்?" சீனி ஏற்கெனவே சாடியின் அடியில் கிடந்தது, மிகக் கொஞ்சமாக.

"சீனி என்ன வெல விக்குது?" என்றார்.

இந்த ஊரில் யாருமே வழித்து அளப்பதில்லை. நெல்லானாலும் மாவானாலும், கொடுக்கிற கை கும்பமாகத்தான் கொடுக்கும்; வழித்தால் கஞ்சத்தனம் என்று பெயர். அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே அந்த ஒரு சொல்லை வெட்டியிருந்தேன்.

"எப்ப தொடக்கம் குடுக்கிறியள்?"

"நேத்து பின்னேரத்திலேருந்து. இது ரெண்டாவது."

குழந்தை தாயின் மடியில் கிடந்தான். உதடு காய்ந்திருந்தது. தாய் தண்ணீர்க் கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனபோது அதைக் கடிப்பதுபோலப் பாய்ந்தான். பிறகு ருசி பட்டதும் வீரிட்டான். தாகத்தில் கிடக்கிற பிள்ளைக்கு, என் சொல்லைக் கேட்டு, மேலும் மேலும் உப்பைக் கொடுத்திருக்கிறார்கள். கூடுதலான உப்பு பச்சைக் குழந்தையின் மூளை வரைக்கும் என்ன செய்யும் என்று எனக்குப் படித்த படிப்பால் தெரியும். அந்த நேரத்தில் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"இதை நிப்பாட்டுங்கோ. பாலைக் குடு தங்கச்சி, குடுத்துக்கொண்டே இரு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

கணவர் சைக்கிளை எடுத்தார். தாயும் குழந்தையும் கரியரில். நானும் அக்காவும் பின்னால் சேற்றில் நடந்தோம், என் மகள் என் இடுப்பில். அக்கா வழியெல்லாம், "பயப்படாதீங்க டீச்சர், எழுதுன மாதிரிதான் குடுத்தோம், ஒண்ணும் ஆவாது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தரமும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தரமும் பாதையில் ஒரு பள்ளம் வந்தது, அல்லது மகள் சிணுங்கினாள், அல்லது அப்படி ஏதோ ஒன்று வந்ததாக நான் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் தாதி குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். "என்ன குடுத்தனீங்கள்?"

தாய் தன் பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து நீட்டினாள். மிஸ்ஸி வாசித்தார். தாளைத் திருப்பிக் கணக்கையும் பார்த்தார். "எப்பிடிப் போட்டனீங்கள், கரண்டியாலை?"

அக்கா விரல்களைக் குவித்துக் காட்டினார்.

"ஆர் இதை எழுதினது?"

நான் சொன்னேனே, அந்தத் தாளில் பெயர் இல்லை. என் கணவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தெரியும், அவருடைய மகளுக்குத் தெரியும்; ஆனால் அவர்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார்கள் என்று விளங்கிய கணம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

"நான்தான்" என்றேன். "தலைதட்டி எண்டு எழுதியிருக்கவேணும். இருந்ததை நான்தான் வெட்டினனான். இந்த ஆக்களிலை பிழை இல்லை."

அக்கா என் பக்கம் திரும்பினார். என் இடுப்பிலிருந்த மகளுடைய காலைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தாய்ப்பாலை விடாமல் குடுத்ததாலை ஏதோ நல்லாப் போச்சு. டொக்டர் பாப்பார். மூத்திரம் போகுதோ எண்டு பாப்பம்" என்றார். அப்படியே நாங்கள் எல்லோரும் ஒரு வாங்குப் பலகையில் இருந்து, ஒன்பது மாதக் குழந்தை ஒன்று மூத்திரம் பெய்வதற்காகக் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. தசமப்புள்ளி ஞாபகமே வரவில்லை. பூட்டி வைத்த கட்டுரையில் பிழை இருந்தால் ஒரு பிள்ளைக்கும் தாகமெடுக்காது என்று மட்டும் நினைத்தேன். திறந்து விட்டது நான். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போகும், பிழையும் சேர்த்து.

பின்னேரம் அவன் டொக்டரின் சட்டையில் பெய்தான். டொக்டர் "ஆ, சரி" என்றார். தாய் அழுதாள். அடுத்தநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

"ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளையும் சுகமாயிட்டான். விடும்" என்றார் கணவர். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். வெட்டச் சொன்னது தான்தான் என்று இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்தத் தாள்கள் இன்னும் ஊருக்குள் இருந்தன.

ஆய்விதழ்களில் பிழை கண்டுபிடித்தால் பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு திருத்தம் போடுவார்கள். எழுதியவரைத் தவிர யாரும் வாசிக்கமாட்டார்கள். எனக்கு அப்படியொரு அடிப்பக்கம் இருக்கவில்லை. சந்திக் கடையில், நாலைந்து பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், "அண்ணை, நான் எழுதினதிலை ஒரு பிழை இருக்கு" என்றேன்.

"சரைத் தாளிலையோ? அதை நாலாய்க் கிழிச்சுத்தான் மிளகாய்த்தூள் சுத்துறன். பிழை எந்தத் துண்டிலை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கரண்டியைப் பற்றிச் சொன்னேன். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. "ரீச்சர்மாரும் பிழை விடுவினமோ?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "நான் முந்தியே சொன்னனான், உப்புக் கரிக்குது எண்டு. எங்கட அவர்தான், ரீச்சர் எழுதினது, கதையாதை எண்டவர்" என்றாள். மூன்றாவது ஆள், தான் முன்பக்கத்துக் கணக்கை மட்டும்தான் பார்த்ததாகச் சத்தியம் பண்ணினார்.

கடைக்கார அண்ணை அன்றிலிருந்து ஒவ்வொரு சரையையும் கொடுக்கும்போது, "ரீச்சர்ட கரண்டி பிழையாம், குவிக்காதேங்கோ" என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தார். சீனி வாங்காதவர்களுக்கும் சொன்னார். ஒரு கிழமைக்கு என் பெயரே அதுவாகிவிட்டது. பாதையில் போனால், கரண்டி ரீச்சர் போறா என்பார்கள். மூன்றாவது பெயராக இருந்தவளுக்கு இது ஒரு முன்னேற்றம்தான்.

அக்கா என் மகளை வழமைபோல வாங்கிக்கொண்டார். ஆனால் வேலிக்கு மேலால் வாங்கினார், வேலிக்கு மேலால் தந்தார். கதையில்லை.

இரண்டாவது பிரசுரத்துக்கு ஸ்ரென்சில் இல்லை. பிள்ளைகளையே கையால் எழுதவைப்பதாக இருந்தேன். ஆனால் என்ன எழுதுவது? 'தலைதட்டி' என்று எழுதினால் வாசிப்பார்கள். சுகமில்லாத பிள்ளைக்கு என்று வரும்போது கை குவிக்கத்தான் செய்யும். மிஸ்ஸியிடம் போய்க் கேட்டேன். "அரைக் கரண்டி எண்டு எழுதும். அது போதும். குவிச்சாலும் ஒண்டைத் தாண்டாது" என்றார். அதுவரைக்கும் நான் தண்ணீருக்கும் உப்புக்கும்தான் கணக்குப் பார்த்திருந்தேன். கொடுக்கிற கையைக் கணக்கில் எடுக்கவில்லை.

வரைவை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வாசலால் அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய மகளிடம் தாளைக் கொடுத்தேன். "தங்கச்சி, நீ வாசி. அக்கா, நீங்கள் கலக்குங்கோ. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

அவள் வாசித்தாள். அக்கா கலந்தார். அரைக் கரண்டி என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே கரண்டியின் பாதிக்கு எடுத்து, அந்தப் பாதியையும் குவித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கலந்து முடித்து வாயில் வைத்துப் பார்த்தார்.

"சரியா?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல்.

"சரி அக்கா."

"இன்னொரு வரி எழுதுங்க. புள்ளைக்குக் குடுக்க முன்னாடி பெத்தவ வாயில வச்சுப் பாக்கணும். கண்ணீரு மாதிரி இருக்கலாம், அதுக்கு மேல கரிச்சா கொட்டிறணும்னு."

"அது என்னத்துக்கு?"

"நீங்க திரும்பியும் பிழை விடுவீங்க. அதான்."

எழுதினேன்.

திங்கட்கிழமை ஏழாம் ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் கொப்பியில் இரண்டு பிரதி எழுதச் சொன்னேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று அயலுக்கு. எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வாங்காகப் போய் ஒவ்வொரு கரண்டியையும் பார்த்தேன். மூன்றாவது வாங்கில் ஒரு பிள்ளை 'ஒரு கரண்டி உப்பு' என்று எழுதியிருந்தாள். இரண்டு பிரதியிலும்.

"கரும்பலகையிலை அரைக் கரண்டியெல்லோ கிடக்கு. ஏன் பிள்ளை ஒண்டெண்டு எழுதினனீ?"

அவள் எழும்பி நின்றாள். "அரைக் கரண்டி எண்டால் அம்மா என்னை ஏசுவா ரீச்சர். தம்பிக்குக் குறைக்கிறன் எண்டு."

நான் இரண்டையும் வெட்டித் திருத்தவைத்தேன். பிறகு அது போதாது என்று பட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பின்னாலேயே அவளுடைய வீட்டுக்குப் போனேன்.